கண்ணாடியில் படியும் பனி

ஐந்தருவியில் குளித்துவிட்டு வேனில் ஏறும் கூட்டத்திடமிருந்துதான் மூடுபனியைப் பற்றி நான் நிறையக் கற்றுக்கொண்டேன். தலையில் தேய்த்த எண்ணெய் முழுதாகப் போயிருக்காது. துண்டைச் சரியாகப் பிழிந்திருக்க மாட்டார்கள். ஈர டவுசரோடு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காருவார்கள். அத்தனை பேர் ஈரமும் மூச்சும் உள்ளே, சாரல் வெளியே. தண்ணீர் தெறிக்கிறது என்று ஜன்னலையெல்லாம் ஏற்றிவிட்டால், குற்றாலம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முன்கண்ணாடி முழுக்க வெளுத்துவிடும். ரோட்டில் பனி இருக்காது. எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டானது.

முன்சீட்டில் இருப்பவர் நமக்கு உதவி செய்வதாக நினைத்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். அருவிக்கரையில் மசாஜ் செய்துகொண்ட எண்ணெய் அந்தக் கையில் மிச்சம் இருக்கும். பகலில் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு எதிரே ஒரு பஸ் வரும்போது அதன் விளக்கு வெளிச்சம், ஐந்து விரலும் பதிந்த இடமெல்லாம் பட்டுக் கோடு கோடாகச் சிதறும். பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவே ரோட்டைக் கடக்கிற ஆள் அந்தக் கோடுகளுக்குள் காணாமல் போய்விடுவார். அதனால் வண்டியில் ஏறுகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், "கண்ணாடியில மட்டும் கை வைக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இதை இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1998-இல் நேச்சர் இதழில் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் ஓடும் ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னபோது, காட்சி மங்க மங்க மக்கள் தங்களை அறியாமலே வேகத்தைக் கூட்டினார்கள். மங்கலான ரோடு மெதுவாக நகர்வதாகக் கண் நினைத்துக்கொள்கிறது. மூடுபனியில் விபத்து நடப்பதற்கு இதுதான் காரணம் என்று பலரும் நம்பிவிட்டார்கள். பிறகு 2012-இல் ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பாவ்லோ பிரெட்டோவும் அவருடன் இருந்தவர்களும் அதையே வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். உண்மையான மூடுபனியில் தூரத்தில் இருப்பது அதிகமாக மறையும், பக்கத்தில் இருப்பது ஓரளவு தெரியும். அப்படி ஒரு காட்சியைக் காட்டினால், ஓட்டுகிறவர்கள் வேகத்தை உள்ளதைவிட அதிகமாக எண்ணிக்கொண்டு குறைத்தார்கள். தூரமும் கிட்டமும் ஒரே அளவில் மங்கினால்தான், அதாவது கண்ணாடியே மங்கினால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தால்தான், வேகம் குறைவாகத் தோன்றியது.

வெளியே இருக்கும் பனி நம் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்க வைக்கிறது. கண்ணாடியில் இருக்கும் பனி அதே காலை அழுத்த வைக்கிறது. தென்காசி, செங்கோட்டை ரோட்டில் சாரல் காலத்தில் இரண்டும் சேர்ந்து வரும்போது எதைக் கேட்டு ஓட்டுவது? வெளியே இருப்பதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடியில் இருப்பதைத் துடைக்க முடியும். மலைப்பாதை ஓட்டுகிறவனின் தொழில் அந்தத் துடைப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

கண்ணாடி வெளுத்ததும் எல்லோரும் வைப்பரைத் தட்டுகிறார்கள், அல்லது மஞ்சள் துணியை எடுத்து உள்பக்கம் தேய்க்கிறார்கள். முதலில் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விரலின் பின்புறத்தால் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு கோடு போட்டால் போதும். கோடு தெளிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றே சுற்றுகிற பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விட வேண்டும். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒன்றிரண்டு நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டு வரும். ஏசி இல்லாத வண்டியென்றால் முன்ஜன்னல் இரண்டையும் இரண்டு விரற்கடை இறக்கிவிட வேண்டும். பயணிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கோடு தெளியவில்லை என்றால் ஈரம் வெளிப்பக்கம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் காற்றில் ஈரம் நிரம்பி நிற்கும். ஏசியை முழுக் குளிரில் வைத்துக் கண்ணாடியின் மேல் அடித்தால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் வேர்த்துவிடும். வைப்பர் ஒரு தடவை வழித்ததும் தெளியும், அரை நிமிடத்தில் மறுபடி வேர்க்கும். இந்த இடத்தில் ஏசியைக் கூட்டுகிறவன் பனியைக் கூட்டுகிறான். குளிரைக் குறைத்து, காற்றைக் கால் பக்கம் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

வைப்பர் பிளேடை வைகாசிக் கடைசியில் மாற்றிவிட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் தென்காசியில் நின்ற வண்டியின் ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். வெயில் காலத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. முதல் சாரலில் வைப்பரைப் போட்டதும் கண்ணாடியில் வரி வரியாகத் தண்ணீர் நிற்கும், அதுவும் ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேராக. அம்பாசிடர் ஓட்டிய பெரியவர்கள் புகையிலையைக் கசக்கியும், உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கியும் வெளிக்கண்ணாடியில் தேய்ப்பார்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்துவிடும். உள்பக்கத்துக்கு நான் செய்வது ஒரு மூடி ஷாம்பு கலந்த தண்ணீர், பிறகு பழைய செய்தித்தாள், கடைசியில் காய்ந்த பருத்தித் துணி. துடைத்து முடித்ததும் எதிர்ச்சுவரில் எரியும் டியூப்லைட் வெளிச்சத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்தால் இன்னும் படலம் இருக்கிறது என்று பொருள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எதிரே பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் வெண்மையாக இருக்கும்போது கண் தூரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே குவிந்து நிற்கும். பக்கத்தில் இருப்பது முன்கண்ணாடி. அதில் ஒரு பூச்சி அடித்த கறையோ ஒட்டிய ஸ்டிக்கரோ இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கண்ணாடி நடுவில் கட்சிக் கொடி, சாமி படம், பெர்மிட் சீட்டு எதையும் ஒட்டவிடாமல் இருக்கிறேன். சாமிக்கு டேஷ்போர்டில் இடம் இருக்கிறது.

இனி வெளியே இருக்கும் பனிக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் அது இரண்டு காலத்தில் இரண்டு விதமாக வரும். ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே தாழ்ந்து வழிவிடுகிறது. கேரளத்தில் பெய்து தீராத மேகம் அந்த வழியாகத் தவழ்ந்து புளியரை, செங்கோட்டை, குற்றாலம் வரைக்கும் வந்து சாரலாகத் தூவும். கொடைக்கானல் மாதிரி உயரத்துக்குப் போய் மேகத்துக்குள் நுழைவதில்லை நாம். மேகம் நம்மைத் தேடி இறங்கி வருகிறது. காற்றோடு வருவதால் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு வளைவில் அடைக்கும், அடுத்த வளைவில் விலகும், அதற்கடுத்ததில் மறுபடி அடைக்கும். ஆபத்து அந்த விலகின இடத்தில் இருக்கிறது. அப்பாடா என்று கியரை மாற்றி விரட்டுகிறவன், முழு வேகத்தோடு அடுத்த அடைப்புக்குள் நுழைகிறான். மலையில் இருக்கும் வரை திறந்த இடத்திலும் மூடிய இடத்து வேகத்திலேயே போவது என் வழக்கம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். ஓரமாக வழிவிட்டு அவர்களை முன்னால் அனுப்பிவிடலாம்.

இன்னொன்று மார்கழி, தை மாதத்துப் பனி. இதில் காற்றே இருக்காது. வடகிழக்கு மழை முடிந்து குளமெல்லாம் நிறைந்து, வயல் ஈரமாகக் கிடக்கும். வானம் தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டியே பனி பிடிக்கும். ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், கடையநல்லூர்ப் பக்கத்து வயல்வெளிகளில் ரோடு பள்ளத்தில் இறங்கும் இடமாகப் பார்த்துத் தேங்கி நிற்கும். விடிந்தால் கலைந்துவிடும் என்று ஐந்து மணிக்குக் கிளம்புகிறார்கள். சூரியன் எழுகிற நேரத்தில்தான் அது மிக அடர்த்தியாக இருக்கும். எட்டு மணிவாக்கில்தான் கரையத் தொடங்கும். எட்டு மணிக்குக் கிளம்பினாலும் மதுரைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வானிலைத் துறை கணக்கில் 1,000 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தாலே மூடுபனி, 200-க்குக் கீழே போனால் அடர்ந்த பனி, 50-க்குக் கீழே போனால் மிக அடர்ந்த பனி. இது ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? ரயில்வேயில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து 180 மீட்டர் தூரத்தில் ஒரு குறியைக் காட்டி வைத்திருப்பார்கள். அது ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பனிக்கால விதிகள் உடனே அமலுக்கு வரும். தண்டவாளத்தில் வெடிச் சமிக்ஞை வைத்து எஞ்சின் ஓட்டுகிறவரை எச்சரிக்கும் வழக்கமும் உண்டு. அவரவர் தைரியத்துக்கு விட்டுவிடாமல் ஒரு குறியை நட்டு வைத்தார்களே, அந்த அறிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ரோட்டில் நமக்கு யாரும் குறி நட்டு வைக்கவில்லை. நாமே எண்ண வேண்டும். பனிக்குள்ளிருந்து ஒரு கிலோமீட்டர் கல்லோ, கறுப்பு வெள்ளை அடித்த தடுப்புக் கல்லோ, ரிஃப்ளெக்டரோ முதன்முதலாகத் தெரிகிற நொடியிலிருந்து அதைக் கடக்கும் வரை நிதானமாக எண்ணுங்கள். நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று, நூற்றிநான்கு. நான்கு எண்ணுவதற்குள் கல் நம்மைத் தாண்டிவிட்டால் வேகம் அதிகம். ஆள் நிறைந்த வேன், லோடு ஏற்றிய வண்டி என்றால் ஆறு.

எங்கிருந்து வந்தது இந்த நான்கு? 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நனைந்த ரோட்டில் நிற்க இன்னும் 35 மீட்டர். ஆக மொத்தம் 60 மீட்டர், மூன்றரை நொடிக்குச் சற்று மேல். 40-இல் போனால் மொத்தம் 32 மீட்டர் போதும். 20-இல் 12 மீட்டர். டயர் நன்றாக இருந்து, ரோடு சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. இறக்கத்தில் கூடும், தேய்ந்த டயரில் கூடும். 50 மீட்டர்கூடத் தெரியாத பனியில் 60-இல் போகிறவன், பிரேக் பிடித்தும் மோதத்தான் போகிறான். வடக்கே யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் கார்களின் உச்ச வேகத்தை 100-லிருந்து 75-ஆகக் குறைக்கிறார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அடர்ந்த பனியில் 75-உம் அதிகம். பலகையில் எழுதிய எண்ணைவிட எண்ணிப் பார்த்த எண்ணையே நான் நம்புவேன்.

புளியரை மலைப்பாதையில் இந்தக் கணக்குக்கு உயிர் வருகிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் தேசிய நெடுஞ்சாலை இது. செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, கோட்டைவாசல் எல்லைக்கு ஏறும்போது எஸ் வளைவு வரும். அதன் கீழே 1904-இல் போட்டு, 2018-இல் அகல ரயில்பாதையாகத் திறந்த செங்கோட்டை - புனலூர் தடம் போகிறது. 2024 பிப்ரவரி 25 நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கேரளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று இங்கே உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டியவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு ஓடிவந்த வயதான தம்பதி, டார்ச் லைட்டை அடித்துக்கொண்டே தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டினார். அது மாசி மாதம், சாரலும் இல்லை. சாதாரண நாளிலேயே அந்த இறக்கம் அப்படி என்றால் ஆடி மாதத்தில் அதற்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும்! ஏறி வருகிற கியரிலேயே இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது, பனியில் இதைக் கூடுதலாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

விளக்கு விஷயத்தில் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது மேல். என்னோடு பழகிய ஒரு பையன் அந்த ஏற்றத்தில் கேட்டான்.

"அண்ணாச்சி, பிரைட் போடட்டுமா? ஒண்ணுமே தெரியல."

"போட்டுப் பாரு."

போட்டான். முகத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தாற்போல ஆகிவிட்டது.

"இப்ப என்னடே தெரியுது?"

"வெள்ளையாத் தெரியுது அண்ணாச்சி."

"ரோடு?"

அவன் பதில் சொல்லாமல் டிம்முக்கு இறக்கினான். ஓரத்து வெள்ளைக் கோடு திரும்பி வந்தது.

பனி என்பது தண்ணீர்த் துளிகள். பிரைட் வெளிச்சம் நேராகப் போய் அந்தத் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. டிம் வெளிச்சம் கீழ்நோக்கிப் போவதால் திரும்புவது குறைவு. பனிவிளக்கைப் பம்பருக்குக் கீழே தாழ்த்தி வைப்பதும் இதற்காகத்தான். விளக்கு கண்ணுக்கு எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கேபினுக்கு மேலே வரிசையாக விளக்கு கட்டிய லாரிகள் பனியில் தங்கள் கண்ணையே குத்திக்கொள்கின்றன. ஹெட்லைட்டில் மஞ்சள் பேப்பர் ஒட்டினால் பனியைத் துளைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் மஞ்சளும் வெள்ளையும் ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சளில் கூச்சம் குறைவாகத் தோன்றுகிறது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பேப்பர் ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதைவிட, ஹெட்லைட்டின் மேல் படிந்த சேற்றைக் கழுவுவது நல்லது. எல்லா நிறுத்தத்திலும் இறங்கி முன் விளக்கு, பின் விளக்கு நான்கையும் துடைக்க வேண்டும். பின் விளக்கு முக்கியம், அதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவன் உயிரோடு வீடு போகிறான்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று காட்ட வழியில்லாமல் போகிறது. பின்னால் வருகிறவனுக்கு அது நிற்கிற வண்டியா ஓடுகிற வண்டியா என்றும் தெரியாது. வண்டி நின்றால் போட வேண்டும். திடீரென்று வேகம் குறைந்து ஊர்ந்தால் சற்று நேரம் போடலாம். மற்றபடி பின் விளக்கு போதும்.

முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்பது இன்னொரு பழக்கம். மனதுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் அந்த விளக்கு மறையக்கூடாதே என்று நம்மை அறியாமல் நெருங்குவோம். அவன் பிரேக் அடித்தால் நமக்கு இடம் இருக்காது. அவன் வழி தவறினால் நாமும் கூடவே போவோம். இந்த ரோட்டில் இன்னொரு சங்கதி, கேரளத்துக்குப் போகும் வைக்கோல் லாரி. வைக்கோல் பக்கவாட்டிலும் பின்னாலும் பிதுங்கித் தொங்கிப் பின் விளக்கை மறைத்திருக்கும். வைக்கோலின் நிறமும் பனியின் நிறமும் இரவில் ஒன்றாகத் தெரியும். நமக்குத் தெரிவது ஒரு சுவர், அதுவும் கடைசி நேரத்தில். அதனால் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுக்கோட்டைப் பிடித்தால் எதிரே வருகிறவனும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு வருவான்.

கண் குறைகிற நேரத்தில் காதையும் மூக்கையும் வேலைக்கு வைக்க வேண்டும். மலை ஏறத் தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிடுவேன், ஓட்டுகிற பக்கத்து ஜன்னலை இறக்கிவிடுவேன். வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன், பிறகு ஒரு நொடி காது கொடுத்தல். பல பேர் ஹாரன் அடிக்கிறார்கள், பதில் ஹாரனைக் கேட்பதில்லை. இறங்கி வரும் லோடு லாரியின் பிரேக் லைனர் காய்ந்த வாடை, லாரி தெரிவதற்கு முன்னாலேயே மூக்கில் ஏறும். சுட்ட ரப்பரும் இரும்பும் கலந்த வாடை அது. அந்த வாடை வந்தால் மேலே ஒருவன் பிரேக்கை நம்பி இறங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி அவனைப் போகவிட வேண்டும். மேக்கரையிலிருந்து அச்சன்கோவில் போகும் காட்டுப் பாதையில் மிளாவும் யானையும் குறுக்கே வரும். மிளாவின் கண் வெளிச்சத்தில் மின்னும். யானையின் சாம்பல் உடம்பில் எந்த வெளிச்சமும் திரும்பாது. ஒடிந்த பச்சைக் கிளையும் சூடான சாணமும் ரோட்டில் கிடந்தால் அதற்கு மேல் போகாமல் இருப்பதே தொழில் தெரிந்தவன் செய்வது.

மார்கழி, தை மாதங்களில் எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள் நடந்து போகிறவர்கள். சபரிமலைக்குப் பாதயாத்திரையாகப் போகும் சாமிமார்கள் கறுப்பு வேட்டியில் நடப்பார்கள். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகும் முருக பக்தர்கள் பச்சை வேட்டியில் நடப்பார்கள். வெயில் வருமுன் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று அதிகாலையில்தான் நடக்கிறார்கள், பனி அடர்ந்த அதே நேரத்தில். அவர்களுக்கு நம் விளக்கு நன்றாகத் தெரிகிறது. ஆகவே நமக்கும் அவர்கள் தெரிவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது மனித இயல்பு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. பையில் ஒட்டும் ரிஃப்ளெக்டர் பட்டையை வாங்கிக் கொடுக்கிறவர்களுக்குப் புண்ணியம் உண்டு. ஊரில் யாராவது மாலை போட்டால் அந்தப் பட்டையில் ஒரு முழம் வெட்டிக் கொடுப்பேன். முதுகுப் பக்கம் பையில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. கணுக்காலில் ஒட்டியது அசைந்துகொண்டே இருப்பதால் தூரத்திலேயே ஆள் என்று தெரியும்.

அதே மாதங்களில் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் இரவெல்லாம் ஓட்டி வந்து, குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு, அப்படியே விடியலில் ஆரியங்காவுக்கு ஏறுகிற வண்டிகளைப் பார்க்கிறேன். அருவியில் குளித்ததும் தூக்கம் போய்விட்டதாகத் தோன்றும். அரை மணி நேரத்தில் அது இரண்டு மடங்காகத் திரும்பும். வெள்ளையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டும்போது இமை கனப்பது தெரியாது. வழி கேட்கிற ஓட்டுநர்களிடம், "ரெண்டு மணி நேரம் படுத்துட்டு எட்டு மணிக்கு மேல ஏறுங்க சாமி" என்று சொல்வேன். சிலர் கேட்கிறார்கள்.

நான்கு எண்ணவே முடியவில்லை, இருபதில் போனாலும் கல் திடீரென்றுதான் தெரிகிறது என்றால் நிறுத்த வேண்டியதுதான். எங்கே நிறுத்துவது என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். செங்கோட்டையில் நிற்கலாம், புளியரை ஊருக்குள் நிற்கலாம், அந்தப் பக்கம் ஆரியங்காவு ஊருக்குள் நிற்கலாம். நடுவில் மாட்டிக்கொண்டால் வளைவைத் தாண்டி நேரான இடத்தில், நாலு சக்கரமும் தாருக்கு வெளியே இறங்கும்படி. அரை வண்டி தாரிலும் அரை வண்டி மண்ணிலும் நிற்பது எல்லாவற்றிலும் மோசம். நின்றதும் ஹெட்லைட்டை அணைத்து, நாலு இண்டிகேட்டரையும் போட வேண்டும். வெறும் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் ஓடுகிற வண்டி என்று நினைத்து அதன் பின்னாலேயே ஒருவன் வந்து இடிப்பான். பெட்ரோல் பங்கு, கோயில் மைதானம் என்று ரோட்டை விட்டு முழுதாக விலகி நின்றால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவது நல்லது. பயணிகளை இடது பக்கமாக இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நின்று பேசவிடக் கூடாது. முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது அடி எடுத்து வைத்துவிட்டு வந்தால் போதாது, அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நடக்க வேண்டும்.

பலகை இல்லாதவர்கள் மரக்கிளையை ஒடித்துப் போடுகிறார்கள், சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும்போது அந்தக் கல் அங்கேயே கிடக்கிறது. பின்னால் பைக்கில் வருகிறவனுக்குப் பனிக்குள் அது தெரியாது. கிளம்புவதற்கு முன் கிளீனர் இறங்கிக் கல்லை எடுத்துத் தடுப்புச் சுவரை ஒட்டி வைத்துவிட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாது. கீழே தண்டவாளம் போகிறது.